தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சின் சூடாகாதா? கூலிங் சிஸ்டம் பற்றி விளக்கம் தேவை

சாலைப்பறவை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது கொஞ்சம் பழைய பெட்ரோல் கார். நெரிசலில் ஏசி போட்டு நின்றால் டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறுகிறது. ஓரம் கட்டலாமா என்று யோசிப்பதற்குள் ஃபேன் பெரிய இரைச்சலோடு சுற்றும், முள் இறங்கும், சற்று நேரத்தில் மறுபடி ஏறும். வண்டி வேகமாக ஓடும்போது இந்தத் தொல்லை இல்லை. நிற்கும்போது மட்டும் ஏசியின் குளிர்ச்சியும் குறைகிறது.

பட்டறையில் காட்டினேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்துவிட்டு, "இது தண்ணீரைத் தடுக்கிற சாமான், இனி சூடே ஏறாது" என்றார்கள். இப்போது நல்ல சாலையில் போனால் முள் கால்வாசிக்கு மேல் ஏறுவதே இல்லை. ஹீட்டர் போட்டால் வெதுவெதுப்பான காற்றுதான் வருகிறது. பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கிறது, செக் எஞ்சின் விளக்கும் எரிகிறது. ஆனால் நெரிசலில் நின்றால் பழைய கதைதான்.

செய்தது சரியா? இந்தக் கூலிங் சிஸ்டம் உண்மையில் எப்படித்தான் வேலை செய்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலவான் எழுதியது:

எங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் பல வருடமாக ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை. குளிர் பிரதேசத்துக்குத்தான் அது தேவை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வெயில் அடிக்கிற இடத்தில் எதற்கு?

திருப்புளி எழுதியது:

சாலைப்பறவை தம்பி, உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. "நிற்கும்போது ஏசியின் குளிர்ச்சியும் குறைகிறது" என்ற அந்த வரியை மறந்துவிடாதீர்கள், பிறகு வருகிறேன். முதலில் அடிப்படையைப் பார்ப்போம், ஏனென்றால் அது தெரியாமல்தான் நல்ல சாமானைக் கழற்றிக் குப்பையில் போடுகிறார்கள்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர்களுக்கு மேல்மூடியாக இருக்கிற ஹெட்டும் பிஸ்டனும் அலுமினியக் கலவை. சுத்தமான அலுமினியமே 660 டிகிரியில் உருகிவிடும். ஆனாலும் எஞ்சின் உருகாமல் இருப்பதற்குக் காரணம், அந்த உச்ச வெப்பம் சில மில்லி விநாடிதான் நிற்கிறது. அதற்குள் உலோகச் சுவர் வாங்கிய சூட்டைச் சில மில்லிமீட்டர் தள்ளி ஓடுகிற கூலண்ட் (குளிர்விக்கிற திரவம்) அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. தோராயமாகச் சொன்னால், எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியாகப் போகிறது. மீதியில் பெரும்பகுதியை வெளியேற்றுவது கூலண்டின் பொறுப்பு.

ஓட்டம் இப்படி: வாட்டர் பம்ப் கூலண்டை எஞ்சின் பிளாக்குக்குள் தள்ளும். அது சிலிண்டர்களைச் சுற்றி மேலே ஏறி ஹெட்டுக்குள் நுழையும். எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே இருக்கிற மெல்லிய பகுதிதான் எஞ்சினிலேயே அதிகம் அவதிப்படுகிற இடம். அதைத் தொட்டுக்கொண்டு தெர்மோஸ்டாட்டுக்கு வரும். எஞ்சின் சூடேறாத நேரத்தில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும். அப்போது கூலண்ட் பைபாஸ் என்ற குறுக்கு வழியில் நேரே பம்புக்கே திரும்பிவிடும், ரேடியேட்டர் பக்கம் போகாது. சூடேறியதும் தெர்மோஸ்டாட் திறக்கும். கூலண்ட் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, கீழ் ஹோஸ் வழியாகப் பம்புக்கு வரும். ஹீட்டருக்கு ஒரு சின்னக் கிளை தனியாக ஓடும். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் பம்பின் நுழைவாயில் பக்கம் இருக்கும், கணக்கு ஒன்றுதான்.

தெர்மோஸ்டாட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நடுவில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு உலோகக் குப்பி. அதற்குள் மெழுகு. மெழுகு உருகும்போது அளவில் பெருகும், குறுகிய இடத்தில் வேறு வழியில்லாமல் ஒரு கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். சூடு குறைந்தால் மெழுகு இறுகும், ஸ்பிரிங் வால்வை மூடும். மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. விளிம்பில் 82 அல்லது 88 என்று அச்சிட்டிருக்கும். அந்த டிகிரியில் திறக்க ஆரம்பிக்கும், அதற்கு மேல் 10, 15 டிகிரி ஏறும்போது முழுதாகத் திறந்துவிடும். பாதி திறந்தும் நிற்கும். அதாவது எவ்வளவு சூட்டை வெளியே விடலாம் என்று நொடிக்கு நொடி அளந்து விடுகிற சாமான் அது.

பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்கள் கூலண்ட் 85 முதல் 100 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் ஒழுங்காக ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேலே போனாலும் கெடுதல், கீழே போனாலும் கெடுதல். இந்த "கீழே" விஷயத்தைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நீலவான், உங்களுக்கும் இதுதான் பதில்: வெளியே வெயில் 40 டிகிரி அடித்தாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். சூடேறாத எஞ்சினைப் பார்த்து, அதைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈசியூ "இன்னும் வார்ம்-அப் ஆகவில்லை" என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு, அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்புக்குள் இறங்கும். எரியும்போது உண்டாகிற நீராவி ஆயிலிலிருந்து ஆவியாகி வெளியேற வழியில்லாமல் சேர்ந்து கசடாகும். ரிங்கும் சிலிண்டரும் தேய்வது ஒரே நாளில் தெரியாது. அதனால்தான் "ஒன்றும் ஆகவில்லை" என்று தோன்றுகிறது.

தம்பி, உங்கள் செக் எஞ்சின் விளக்குக்கு ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி0128 என்ற கோடு வர நிறைய வாய்ப்பு உண்டு. கூலண்ட் தெர்மோஸ்டாட்டின் அளவுக்குச் சூடேறவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

சாலைப்பறவை எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை. ஒரு சந்தேகம். இன்னொரு மெக்கானிக் வேறு காரணம் சொன்னார்: "தெர்மோஸ்டாட் இல்லையென்றால் தண்ணீர் ரேடியேட்டரில் ரொம்ப வேகமாக ஓடும், ஆறுவதற்கு நேரம் கிடைக்காது, அதனால்தான் நெரிசலில் சூடாகிறது" என்று. இது சரியா?

வெப்ப இயக்கம் எழுதியது:

இந்த "ஆறுவதற்கு நேரம் வேண்டும்" என்ற பேச்சை உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். தவறு. எண் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

எஞ்சின் 30 கிலோவாட் வெப்பத்தைக் கூலண்டுக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரும் கிளைக்காலும் (கூலண்டில் தண்ணீரோடு கலக்கிற ரசாயனத் திரவம்) பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்கச் சுமார் 3.5 கிலோஜூல் வேண்டும். நொடிக்கு ஒரு லிட்டர் ஓடினால், ரேடியேட்டரைக் கடக்கும்போது கூலண்ட் சுமார் 8.5 டிகிரி இறங்கும். அதாவது 95-ல் நுழைந்து 86.5-ல் வெளியே வரும். ஓட்டத்தைப் பாதியாக்கினால், அதே 30 கிலோவாட்டை வெளியேற்ற 17 டிகிரி இறங்க வேண்டும்: 95-ல் நுழைந்து 78-ல் வெளியே.

பார்ப்பதற்கு இரண்டாவதுதான் நன்றாகக் குளிர்ந்தது போலத் தெரியும். ஆனால் ரேடியேட்டரின் சராசரி சூட்டைப் பாருங்கள். முதல் கணக்கில் 91-க்குப் பக்கம், இரண்டாவதில் 86.5. காற்றுக்குச் சூடு போவது ரேடியேட்டருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. சராசரி அதிகமாக இருக்கிற முதல் ரேடியேட்டர்தான் அதிக வெப்பத்தை வெளியேற்றும். ஆக, மெதுவாக ஓட்டினால் 30 கிலோவாட்டை வெளியேற்ற முடியாமல் நுழையும் கூலண்டே 95-ஐத் தாண்டிப் போய்விடும். அதோடு, வேகமாக ஓடும்போது குழாய்க்குள் சுழற்சி கூடும், சுவருக்குச் சூடு இன்னும் எளிதாகக் கடக்கும்.

இன்னொரு விதமாகவும் யோசிக்கலாம். இது மூடிய சுற்று. ரேடியேட்டரில் குறைந்த நேரம் தங்கும் கூலண்ட் எஞ்சினுக்குள்ளும் குறைந்த நேரம்தான் தங்கும், அங்கே சூடேறுவதும் குறைவுதான்.

நீலவான் எழுதியது:

கணக்கு புரிகிறது சார். ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பிறகு ஓவர்ஹீட் ஆன வண்டிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேனே, அது எப்படி?

திருப்புளி எழுதியது:

நீலவான் பார்த்ததும் உண்மை, வெப்ப இயக்கம் சொன்னதும் உண்மை. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு தட்டு உண்டு. பெரிய தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, அதே அசைவில் பின்னால் இருக்கிற சின்னத் தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். மொத்தத்தையும் கழற்றிவிட்டால் பைபாஸை அடைக்க ஆளே இல்லை. சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிக்கூடப் பார்க்காமல் குறுக்கு வழியில் பம்புக்குத் திரும்பி, மறுபடி எஞ்சினுக்குள் போகும். எஞ்சின் லேசாக ஓடும்போது வண்டி தேவைக்கு மேல் குளிரும். பாரம் ஏறும்போது தேவைக்கு மேல் சூடாகும். இரண்டு கெடுதலும் ஒரே வண்டியில்.

இரண்டாவது காரணம் அழுத்தம். பம்ப் தள்ளுகிற கூலண்டுக்கு ஒரு தடை இருப்பதால் பிளாக்குக்குள்ளும் ஹெட்டுக்குள்ளும் அழுத்தம் சற்றுக் கூடுதலாக நிற்கும். எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் உலோகம் ரொம்பச் சூடாக இருப்பதால் அங்கே சின்னச் சின்னக் குமிழிகள் தோன்றி உடனே ஓட்டத்தில் கரைந்துவிடும். அது நல்லதுதான், அந்தக் குமிழிகள் சூட்டை வேகமாக எடுத்துப் போகும். அழுத்தம் குறைந்தால் அந்தக் குமிழிகள் ஒன்றுசேர்ந்து நீராவிப் படலமாக உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும். நீராவி சூட்டைக் கடத்துவதில் படு மோசம். முள் சாதாரணமாகக் காட்டிக்கொண்டிருக்கும், ஹெட்டில் அந்த ஓரிடம் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

கல்யாணமுருங்கை எழுதியது:

அழுத்தம் என்றதும் கேட்க நினைத்தது. ரேடியேட்டர் மூடியில் 0.9, 1.1 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன? மூடி லூசாக இருந்தால் என்ன கெட்டுவிடும்?

வெப்ப இயக்கம் எழுதியது:

அது பார் கணக்கில் அழுத்தம். பிரஷர் குக்கரின் வெயிட் செய்யும் வேலைதான். மூடியின் ஸ்பிரிங் அந்த அழுத்தம் வரும்வரை உள்ளே இருப்பதை அடைத்து வைக்கும். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதன் மேல் ஒரு பார் கூடுதல் அழுத்தம் கொடுத்தால் 120 டிகிரி வரை கொதிக்காது. பாதி கிளைக்கால் கலந்த கூலண்டென்றால் ஏறக்குறைய 129 வரை தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் கசிந்தால் அந்த இருபது டிகிரி பாதுகாப்பும் போச்சு. மலையேறும்போது இன்னும் மோசம், மேலே போகப் போக காற்றழுத்தமே குறைகிறது.

மூடிக்கு நடுவில் இன்னொரு குட்டி வால்வு இருக்கிறது. எஞ்சின் ஆறும்போது கூலண்ட் சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது அந்த வால்வு திறந்து, முன்பு ரிசர்வ் பாட்டிலுக்கு வழிந்து போனதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது அடைபட்டால் அடையாளம் கண்ணுக்கே தெரியும்: காலையில் பானட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக் கிடக்கும்.

திருப்புளி எழுதியது:

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 110 டிகிரியில் கொதிக்காமல் இருக்கிற கூலண்ட், அழுத்தம் போன அந்தக் கணமே கொதித்து முகத்துக்கு நேரே பீறிடும். துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கிறேன் என்பதெல்லாம் வேண்டாம். மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, கை வைக்க முடிகிற அளவுக்கு ஆறி, அமுக்கினால் மெத்தென்று இருந்தால் மட்டும் திறங்கள்.

கல்யாணமுருங்கை எழுதியது:

கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றினால் என்ன? தண்ணீர்தான் சூட்டை அதிகம் வாங்கும் என்று படித்தேன்.

வெப்ப இயக்கம் எழுதியது:

படித்தது சரி. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரிக்கு 4.18 கிலோஜூல் வாங்கும். பாதிக்குப் பாதி கலவை அதைவிடக் குறைவாகத்தான் வாங்கும். ஆனால் தண்ணீருக்கு மூன்று குறை. சீக்கிரம் கொதிக்கும், குளிரில் உறைந்து பிளாக்கை உடைக்கும், எல்லாவற்றையும்விட முக்கியமாக உலோகத்தை அரிக்கும். கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கூலண்டில் இருக்கிற அரிப்புத் தடுப்பு ரசாயனங்கள்தான் நமக்கு உண்மையில் தேவை. ஒரே சுற்றில் அலுமினியம், வார்ப்பிரும்பு, தாமிரம், சால்டர் என்று பல உலோகம் இருக்கிறது, அவற்றை ஒன்றை ஒன்று தின்னாமல் காப்பது அவைதான். அந்த ரசாயனங்கள் காலப்போக்கில் தீர்ந்துபோகும், நிறம் அப்படியே பளபளவென்று இருந்தாலும்.

குழாய்த் தண்ணீர் கலக்கவே வேண்டாம். அதிலிருக்கிற கால்சியம் சூடான இடத்தில்தான் படியும், அதாவது எங்கே சூடு வெளியேற வேண்டுமோ அங்கேயே. டிஸ்டில்டு வாட்டர் கலக்குங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். அடர்த்தியான கூலண்டை அப்படியே ஊற்றுவதும் தவறு: சுத்தமான கிளைக்கால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும், சூட்டையும் குறைவாகத்தான் வாங்கும்.

பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பாதீர்கள். அது வெறும் சாயம், பொது விதி எதுவும் இல்லை. மேனுவலில் சொல்லியிருக்கிற ரகத்தைப் பாருங்கள். இன்னொன்று: எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷம். சிந்தியதைக் குழந்தைகளோ நாய் பூனையோ நக்கிவிடாமல் உடனே கழுவிவிடுங்கள்.

திருப்புளி எழுதியது:

சாலைப்பறவை தம்பி, இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன்.

ஓவர்ஹீட் எப்போது வருகிறது என்பதுதான் நோயைக் காட்டும். வேகமாக ஓடும்போது, ஏற்றத்தில் சூடாகிறது என்றால் கூலண்ட் ஓட்டத்தில் அல்லது ரேடியேட்டருக்குள் அடைப்பு இருக்கும். நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடினால் சரியாகிறது என்றால் காற்று போதவில்லை. உங்களுடையது இரண்டாவது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் ஃபேன் ஒன்றுதான் கதி.

அதோடு நிற்கும்போது ஏசியும் குறைகிறது என்றீர்கள். ஏசியின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் ஒட்டி நிற்கிறது, இரண்டுக்கும் காற்றை இழுப்பது அதே ஃபேன். பல வண்டிகளில் ஃபேனுக்கு இரண்டு வேகம். ஏசி போட்டாலோ கூலண்ட் 95-ஐ ஒட்டி வந்தாலோ மெதுவான வேகம். சூடு மேலும் ஏறினால்தான் முழு வேகம். மெதுவான வேகத்தைத் தருவது ஒரு ரெசிஸ்டர். அது எரிந்துபோனால் ஃபேன் சும்மா இருக்கும், முள் ஏறும், பிறகு திடீரென முழு வேகத்தில் அலறும். நீங்கள் முதல் பதிவில் எழுதியது அப்படியே இதுதான்.

சோதிக்க எளிது. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். சற்று நேரத்தில் ஃபேன் மெதுவாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, ரெசிஸ்டர், கனெக்டர் என்று வரிசையாகப் பாருங்கள். ஃபேன் பக்கம் கை நீட்டாதீர்கள், எஞ்சினை அணைத்த பிறகும் திடீரெனச் சுற்றும். அப்படியே ஒரு டார்ச்சைக் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே அடித்துப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாக இருக்கும், அந்த இடுக்கில் மண்ணும் பூச்சியும் பஞ்சும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருக்கும்.

முள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல கார்களில் கூலண்ட் 80-ல் இருந்தாலும் 100-ல் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. முள் நடுவை விட்டு ஏறுகிறது என்றால் நிலைமை ஏற்கெனவே முற்றிவிட்டது என்று அர்த்தம். ஏறின முள் சட்டென்று கீழே விழுந்தால் அதைவிட ஆபத்து: கூலண்ட் மொத்தமாகக் கொட்டிப்போய் சென்சார் காற்றில் தொங்குகிறது என்றிருக்கலாம்.

சாலைப்பறவை எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னதேதான்! ஏசி போட்டால் ஃபேன் அசையவே இல்லை. ரெசிஸ்டரின் கனெக்டரைக் கழற்றினால் பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாகி, ஒரு பின் கறுத்துப் போயிருந்தது. ரெசிஸ்டரும் கனெக்டரும் மாற்றியாயிற்று. இடுக்கிலிருந்த மண்ணையும் பின்பக்கமிருந்து மெதுவான தண்ணீரால் கழுவியாயிற்று. புது தெர்மோஸ்டாட்டும் போட்டாயிற்று, கூலண்டும் புதிது. இப்போது நெரிசலில் ஏசி போட்டு நின்றாலும் முள் நடுவை விட்டு அசையவில்லை. ஏசியும் குளிர்கிறது. ஸ்கேனரில் பி0128-தான் இருந்தது, அழித்த பிறகு வரவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. மறுநாள் காலையில் பாட்டிலில் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. இத்தனை நாள் சூடானதில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற தகடு) போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

திருப்புளி எழுதியது:

நல்ல செய்தி தம்பி. புதிதாக நிரப்பிய பிறகு ஓரிரு முறை இறங்குவது சகஜம். உள்ளே மாட்டிய காற்று வெளியேறிய இடத்தை கூலண்ட் நிரப்புகிறது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வண்டியின் முன்பக்கம் சற்று உயரமாக இருக்கும்படி நிறுத்தி ஓடவிட்டால் மீதிக் காற்றும் வந்துவிடும். காற்றை வெளியே விடுவதற்கான பிளீட் ஸ்குரூ இருந்தால், குமிழி நின்று கூலண்ட் மட்டும் வரும்வரை விட்டு மூடுங்கள். இதை எஞ்சின் கடுஞ்சூடு ஆவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஆறிய பிறகு குறி வரைக்கும் ஊற்றுங்கள்.

கேஸ்கெட் போயிருந்தால் அறிகுறிகள் வேறு. ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும், பாட்டிலில் குமிழி விடாமல் வரும், சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வரும், ஆயில் மூடியில் பால் போன்ற கசடு ஒட்டியிருக்கும். கசடு மட்டும் தனியாக இருந்தால் பதறாதீர்கள், தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டியதாலேயே அது வந்திருக்கலாம். சந்தேகம் தீரவில்லையென்றால் பட்டறையில் பிளாக் டெஸ்ட் கேளுங்கள். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் உள்ள குழாயை வைத்து உள்ளே இருக்கிற காற்றை இழுப்பார்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும்.

அடுத்த சில காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் அளவைப் பாருங்கள். நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது. தொடர்ந்து இறங்கினால், அழுத்தம் ஏற்றிக் கசிவைத் தேடுகிற பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், அதற்கு முன் வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கிற சின்ன ஓட்டையைப் பாருங்கள். பம்பின் சீல் தேய்ந்தால் முதலில் கசிவது அங்கேதான். ஈரம் இல்லாவிட்டாலும் கூலண்டின் நிறத்தில் உப்புப் பூத்தது போல் காய்ந்த தடம் இருந்தால் பம்ப் மாற்ற வேண்டும்.